360 முக்கால் சுற்றிலேயே நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

அரைவட்டம்:
வணக்கம். குவாட் ஸ்கேட் (முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம்) போட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னோட்டம், பின்னோட்டம், ஒரே காலில் திரும்பும் த்ரீ டர்ன், கால் மாற்றித் திரும்பும் மோஹாக் எல்லாம் ஓரளவு வரும். இரண்டு காலாலும் எம்பி 180 திரும்புவது பத்துக்கு எட்டுத் தடவை சுத்தமாக விழுகிறது. ஆனால் மூன்று மாதமாக 360-க்கு, அதாவது காற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு, முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முக்கால் சுற்றில் தரை வந்துவிடுகிறது. சக்கரம் குறுக்கே மாட்டிக்கொள்ள, நான் பக்கவாட்டில் போய் விழுகிறேன். இடது இடுப்பில் நிரந்தரமாக ஒரு நீலத் தழும்பு. இன்னும் உயரமாகக் குதிக்க வேண்டுமா, இன்னும் பலமாகச் சுழல வேண்டுமா? இரண்டையும் செய்து பார்த்தாயிற்று.

62 மி.மீ. சக்கரம், 78ஏ கடினம் (எண் கூடக் கூடச் சக்கரம் கடினம்). வழவழப்பான சிமென்ட் தரை.

தேய்ந்த டோ ஸ்டாப்:
180 எட்டு சரி, 360 பூஜ்யம் என்றால் நடுவில் 270-இல் நீங்கள்தான் சாம்பியன் போலிருக்கிறது.

கிண்டல் போகட்டும். 270 என்பது இறங்குவதற்கு மிக மோசமான இடம். 180-இல் இறங்கினால் பின்னோட்டமாக உருண்டு போய்விடலாம், 360-இல் முன்னோட்டம். 270-இல் மட்டும் சக்கரங்கள் பயண திசைக்கு நேர் குறுக்கே நிற்கும். ஐஸில் பிளேடு கொஞ்சம் வழுக்கி மீதியைச் சுற்றித் தந்துவிடும். சக்கரம் அப்படித் தராது, அப்படியே கவ்விப் பிடிக்கும். அதுவும் 78ஏ!

எட்டுச்சக்கரம்:
அதைத்தான் சொல்ல வந்தேன். 78ஏ சாலைக்கான மெத்தென்ற சக்கரம். கல்லையும் விரிசலையும் விழுங்குவதற்காகச் செய்தது, பக்கவாட்டில் வழுக்கவே வழுக்காது. உள்ளரங்கத்தில் சுழல்பவர்கள் 92ஏ, 95ஏ, அதற்கும் மேலே என்று போடுவார்கள். குறுக்களவும் 57 மி.மீ. பக்கம் இருக்கும். சிறிய சக்கரம் என்றால் தரைக்கு நெருக்கம், எடையும் குறைவு. உங்கள் தரை வழவழப்பானது என்கிறீர்கள். முதலில் சக்கரத்தை மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

கூடவே ட்ரக்கை, அதாவது சக்கர அச்சைத் தாங்கும் பாகத்தை, பாருங்கள். அதிலுள்ள ரப்பர் மெத்தையான புஷிங்கை இறுக்கி வைத்திருந்தால் சாய்ந்தாலும் ஸ்கேட் வளையாது. ரொம்பத் தளர்த்தினால் இறங்கும்போது தள்ளாடும்.

பின்விளிம்பு:
சக்கரத்தை மாற்றாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கடினச் சக்கரம் தப்பை மன்னிக்கும் என்பது உண்மைதான். அதனாலேயே தப்பும் அப்படியே தங்கிவிடும்.

நான் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் சொல்லித் தருகிறேன். அரைவட்டம், உங்களிடம் மூன்று கேள்வி. ஒன்று, வலது காலில் மட்டும் நின்று, வெளிவிளிம்பில் (பாதத்தின் வெளிப்பக்கச் சக்கரங்களில்) சாய்ந்து, பின்னோட்டமாக எத்தனை வினாடி போக முடியும்? இரண்டு, எந்தப் பக்கம் சுழல்கிறீர்கள்? மூன்று, குதித்ததை மெதுவோட்டத்தில் படம் எடுத்துப் பார்த்ததுண்டா?

அரைவட்டம்:
அக்கா, இடஞ்சுழியாகத்தான் சுழல்கிறேன். படம் எடுத்ததில்லை, எடுக்கிறேன். வலது காலில் பின்னோட்டம்... உண்மையைச் சொன்னால் இரண்டு வினாடி. அப்புறம் இடது கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். ஆனால் நான் இரண்டு காலில்தானே இறங்குகிறேன், இது எதற்கு?

பின்விளிம்பு:
விடை அந்த இரண்டு வினாடியிலேயே இருக்கிறது. இறங்கும் இடத்தை நம்பாத உடம்பு, காற்றில் இருக்கும்போதே தரையைத் தேட ஆரம்பித்துவிடும். கை விரியும், கால் நீளும். விரிந்தால் சுழற்சி மந்தமாகும். படம் எடுத்துப் பாருங்கள், எத்தனையாவது சட்டத்தில் (ஃபிரேமில்) காலை நீட்டுகிறீர்கள் என்று தெரியும்.

நான் குதிப்பை எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் சொல்லித் தருவேன். முதலில் இறக்கம், அப்புறம் காற்று, கடைசியில் எழும்பல். வந்த முதல் நாளே எல்லோரும் எழும்பத்தான் ஆசைப்படுவார்கள், அது வேறு கதை.

பாகைமானி:
கொஞ்சம் கணக்கு போடலாமா? காற்றில் இருக்கும் நேரம் நீங்கள் எழும்பும் உயரத்தை மட்டுமே பொறுத்தது. 10 செ.மீ. எழும்பினால் 0.29 வினாடி, 20 செ.மீ.க்கு 0.40, 40 செ.மீ.க்கு 0.57. நேரத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். காலில் இவ்வளவு எடையைக் கட்டிக்கொண்டு நான்கு மடங்கு உயரம் என்பது நடக்கிற காரியமில்லை. (என் ஜோடி பூட்ஸோடு சேர்த்து 2.8 கிலோ.)

சுழற்சி வேறு கதை. தரையை விட்ட பிறகு புதிதாகச் சுழற்சியை உண்டாக்க முடியாது. கால் தரையில் இருக்கும்போது வாங்கியதுதான் மொத்த இருப்பு. ஆனால் அந்த இருப்பை எப்படிச் செலவழிப்பது என்பது உங்கள் கையில், சொல்லப்போனால் நிஜமாகவே கையில், இருக்கிறது. அச்சிலிருந்து ஒரு எடை இருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் அதன் தடை நான்கில் ஒன்றாகிவிடும். கையை மார்போடு சேர்ப்பதும் கால்களை நெருக்குவதும் அதற்காகத்தான். குவாட்டில் கால் அகன்றிருப்பது இன்னும் அதிகமாகப் பாதிக்கும், ஏனென்றால் எடையே காலில்தான் இருக்கிறது.

ஆகவே 'உயரமா, சுழற்சியா' என்ற கேள்விக்கு என் பதில்: இறுக்கம்.

குழிவளைவு:
நான் ஸ்கேட் பார்க்கில் சரிவிலும் குழியிலும் குதிக்கிற ஆள், ஆர்ட்டிஸ்டிக் தெரியாது. எங்கள் பக்கம் 360-ஐ ஒற்றைக்காலில் யாரும் இறங்குவதில்லை. இரண்டு கால், ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்று பின்னே. கத்தரி மாதிரி. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் முன்னுக்கோ பின்னுக்கோ கவிழ்ந்துவிடுவீர்கள். முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். இரண்டு வினாடி, ஐந்து வினாடி எல்லாம் எனக்கு அதிகப்படி. நிறையக் குதித்தால் தானாக வரும், நான் அப்படித்தான் கற்றேன்.

பின்விளிம்பு:
குழிவளைவு, கத்தரிக் கால் சரியான யோசனை. 'தானாக வரும்' என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று மாதம் தானாக வரவில்லை என்றுதானே இழையே திறந்திருக்கிறார்.

நாற்பதுக்கு மேல்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 43 வயதில் ஸ்கேட் போட ஆரம்பித்தவன். இந்தக் 'குதித்துக்கொண்டே இரு' அறிவுரையைக் கேட்டுத்தான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அதுவும் வெறும் 180-இல். கையுறை மாதிரி வரும் மணிக்கட்டுக் கவசத்தை அன்றைக்குப் பார்த்துப் பையிலேயே விட்டுவிட்டேன். கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் பெரிதாக இல்லை, பெருவிரலின் அடியில் அமுக்கினால் மட்டும் உயிர் போகும் வலி. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் அங்கேயிருக்கும் சின்ன எலும்பில் விரிசல் என்றார்கள். அந்த எலும்பு அப்படித்தானாம், முதலில் படத்தில் மறைந்துகொள்ளும், ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் மெதுவாகத்தான் கூடும். எனவே விழுந்த பிறகு பெருவிரல் அடியில் வலி விடாமல் இருந்தால், ஒரு படம் சுத்தமாக வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

தேய்ந்த டோ ஸ்டாப்:
இதை ஒட்டி வைக்க வேண்டும். சுழன்று விழும்போது எந்தப் பக்கம் விழுவோம் என்று முன்கூட்டித் தெரியாது. முன்னால் விழும்போது முழங்கால் கவசம் உதவும். சுழற்சிக்கு வாலெலும்பையும் இடுப்பையும் காக்கும் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை, மணிக்கட்டு, தலைக்கவசம் மூன்றும் வேண்டும். அரைவட்டத்தின் நீலத் தழும்பு அந்தச் சட்டை இல்லாததைத்தான் சொல்கிறது.

அரைவட்டம்:
படம் எடுத்தேன். வினாடிக்கு 240 சட்டம். கால் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரை 68 சட்டம்.

பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. 68-இல் முதல் 30 சட்டம் வரை கை இரண்டும் விரிந்தே இருக்கிறது. அப்புறம் மார்புக்கு வருகிறது. 48-ஆவது சட்டத்தில் மறுபடி விரிகிறது, வலது கால் கீழே நீள்கிறது, தலை குனிந்து தரையைப் பார்க்கிறேன். கை முழுதாக உள்ளே இருந்தது பன்னிரண்டு சட்டம்தான்.

பாகைமானி:
அருமையான தரவு! 68 சட்டம் என்றால் 0.283 வினாடி, அதாவது கிட்டத்தட்ட 10 செ.மீ. உயரம். பன்னிரண்டு சட்டம் என்றால் 0.05 வினாடி. காற்றில் இருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதற்குள் முக்கால் சுற்று வந்திருக்கிறதென்றால் உங்களிடம் சுழற்சிக்குப் பஞ்சமே இல்லை. அக்கா சொன்னது சரி, நான் தோற்றேன். நான் இறுக்கம் என்றேன், எப்போது, எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

பின்விளிம்பு:
யாரும் தோற்கவில்லை. இருவரும் ஒன்றைத்தான் வேறு வேறு மொழியில் சொன்னோம்.

தலை குனிவதையும் கவனியுங்கள். தலை கனமானது. அது முன்னால் போனால் அச்சு சாயும், சாய்ந்த அச்சில் இறங்கினால் சக்கரம் நேராக இருந்தாலும் விழுவீர்கள். கண் மட்டத்தில் சுவரில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு மாதம் 360 கிடையாது. சொன்னால் கோபம் வரும், தெரியும். பதிலாக இதைச் செய்யுங்கள்.

ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு ஷூவோடு தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டின் மேல் நின்று 360 குதியுங்கள். வலது காலில் இறங்கி மூன்று வினாடி சிலை மாதிரி நில்லுங்கள். பாதம் கோட்டிலிருந்து விலகினால் எவ்வளவு குறைந்தது என்று உடனே தெரியும். ஷூவில் முழுசாகச் சுற்ற முடியாதவர் சக்கரத்தில் சுற்றமாட்டார்.

ஸ்கேட் போட்டபோது முதலில் அந்த வலது வெளிவிளிம்புப் பின்னோட்டம். கைகளை விரித்து, இடது காலைப் பின்னால் நீட்டி, ஐந்து எண்ணும்வரை. அது வந்த பிறகு பின்னோட்டத்தில் இரண்டு காலில் உருண்டுகொண்டே சுழலாமல் இம்மியளவு எம்பி, வலது காலில் மட்டும் இறங்குங்கள். அற்பமாகத் தெரியும். ஆனால் உங்கள் உடம்புக்குத் தரை பற்றிய பயம் போவது இங்கேதான்.

பின்னோட்டத்தில் இறங்கும்போது குதிகாலில் உட்காராதீர்கள், மல்லாக்கத் தள்ளிவிடும். முன் சக்கரங்கள் முதலில் தொட்டு, உடனே முழுப் பாதமும் தரையில் படிய வேண்டும். ரொம்ப முன்னே போனால் டோ ஸ்டாப் (நுனியில் இருக்கும் ரப்பர் தடை) உரசி, கால் நிற்கும், உடம்பு நிற்காது.

அப்புறம் வால்ட்ஸ் ஜம்ப். இடது காலின் முன் வெளிவிளிம்பில் எழும்பி, வலது காலை வீசி, அரைச்சுற்று சுற்றி, வலது காலின் பின் வெளிவிளிம்பில் இறங்குவது. இது உங்கள் 180-தான், கால் மட்டும் மாறுகிறது. அது நின்றால் சால்கோ: த்ரீ டர்ன் போட்டு இடது பின் உள்விளிம்புக்கு வந்து, வலது காலை வீசி எழும்பி ஒரு சுற்று. எழும்பும் வளைவிலேயே கொஞ்சம் சுற்றிவிடுவதால் காற்றில் முழுதாக ஒரு சுற்று வேண்டியதில்லை. 360-க்கு இதைவிட நல்ல ஏணி எனக்குத் தெரியாது.

குழிவளைவு:
எல்லாமே ஏன் பின்னோட்டத்தில்தான் இறங்க வேண்டும்? எனக்குப் புரியாத விஷயம் இது. கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய் இறங்குவது முட்டாள்தனமாக இல்லையா?

பின்விளிம்பு:
நல்ல கேள்வி, இதைப் பலரும் கேட்பதில்லை. இறங்கும்போது சுழற்சி மிச்சம் இருக்கும், அது எங்காவது போக வேண்டும். இடஞ்சுழியாகச் சுற்றி வந்து வலது பின் வெளிவிளிம்பில் இறங்கினால், அந்த விளிம்பின் வளைவும் இடஞ்சுழியாகவே போகும். மிச்சச் சுழற்சி அந்த வளைவில் கரைந்துவிடும். கையை விரித்து அதை அடக்குவதும் எளிது. முன்னோட்டத்தில் இரண்டு காலில் இறங்கினால் மிச்சம் முழுவதையும் முழங்கால்தான் வாங்க வேண்டும். பார்க்கில் உங்களுக்கு அது பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தேய்ந்த டோ ஸ்டாப்:
ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாய்ந்தால் வளையும் ட்ரக்கே இல்லாவிட்டால் இந்த இழையே இல்லை. 1863-இல் ஜேம்ஸ் பிளிம்ப்டன் ரப்பர் மெத்தை வைத்த நாலு சக்கர ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் வளைவு என்பதே பெரும்பாடு. 1760-களில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் சக்கரம் போட்டுக்கொண்டு, வயலின் வாசித்தபடி விருந்துக்குள் நுழைந்து, நிறுத்தத் தெரியாமல் பெரிய கண்ணாடியில் போய் மோதினாராம். அந்தக் கதையை நினைத்தால் நம் விழுதல்கள் எல்லாம் கௌரவமானவை.

சால்கோ என்ற பெயர் உல்ரிக் சால்கோ 1909-இல் ஐஸில் குதித்ததால் வந்தது. டோ ஸ்டாப்பை ஊன்றி எழும்பும் டோ லூப்பை ரோலர் பக்கத்தில் மேப்ஸ் என்பவர்களும் உண்டு, அது புரூஸ் மேப்ஸ் என்பவரின் பெயர். ஆக்சல் பௌல்சன் 1882-லேயே ஒன்றரைச் சுற்று போட்டுவிட்டார், நாம் இன்னும் முக்காலில்.

எட்டுச்சக்கரம்:
வரலாறு போதும், கருவிக்கு வருகிறேன். இதை அக்கா மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்: குதிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் ஸ்கேட்டைச் சரிபாருங்கள். டோ ஸ்டாப்பின் பூட்டு நட்டு தளர்ந்திருக்கிறதா, சக்கர நட்டு ஆடுகிறதா, பிளேட்டில் (பூட்ஸின் அடியில் ட்ரக்கைத் தாங்கும் தகட்டில்) கீறல் இருக்கிறதா. என்னுடைய முதல் நைலான் பிளேட் டோ ஸ்டாப் துளையின் ஓரத்தில் மயிரிழை போல விரிந்திருந்ததைப் பல வாரம் கவனிக்கவில்லை. டோ லூப்புக்கு ஊன்றியபோது டோ ஸ்டாப் மட்டும் தனியாகக் கழன்று உருண்டு போனது. நான் எதிர்த்திசையில் உருண்டேன். குதிப்பவர்களுக்கு உலோகப் பிளேட் நல்லது. பூட்ஸுக்குள் குதிகால் மேலெழும்பினால் என்ன பிளேட் போட்டும் பயனில்லை.

பின்விளிம்பு:
இதில் முழுச் சம்மதம். சக்கரச் சண்டை மட்டும் பாக்கி.

நாற்பதுக்கு மேல்:
ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிக்கலாம்? கெண்டைக்காலின் முன்பக்க எலும்பு இரண்டாம் நாளே குடைகிறது.

பின்விளிம்பு:
குடைய ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். அதைத் தாண்டிக் குதிப்பது தைரியமில்லை. பெரியவர்களை நான் ஒரு அமர்வில் இருபது முழு முயற்சிக்கு மேல் விடுவதில்லை, அதுவும் உடம்பு சூடான பிறகு, களைப்பு வருவதற்கு முன். களைத்த காலில் செய்யும் இருபத்தொன்றாவது முயற்சி தப்பையே பழக்கும். பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், அவர்களை ஐஸ்கிரீம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

அரைவட்டம்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 360-ஐத் தொடவில்லை. (சரி, ஒரே ஒரு நாள் தொட்டேன், விழுந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.)

ஷூவோடு கோட்டில் குதித்தபோது முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் கால்வட்டம் குறைவாகவே வந்தது. ஆக, சக்கரத்தின் மேல் பழி போட்டது வீண். வலது பின் விளிம்பு ஐந்து வினாடி வர இரண்டரை வாரம் பிடித்தது. வால்ட்ஸ் ஜம்ப் நிற்கிறது. சால்கோ பத்துக்கு மூன்று. மற்ற ஏழில் இடது கால் கீழே ஊன்றிவிடுகிறது, ஆனால் விழவில்லை.

புதிய படம்: தரையை விட்டது முதல் தொட்டது வரை 78 சட்டம். 12-ஆவது சட்டத்தில் கை உள்ளே வந்துவிடுகிறது, 60 வரை வெளியே வரவில்லை.

பாகைமானி:
78 என்றால் 0.325 வினாடி. உயரம் 13 செ.மீ. 3 செ.மீ.தான் கூடியிருக்கிறது! இறுக்கம் மட்டும் பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டு சட்டம். நான்கு மடங்கு. இதை எங்காவது எழுதி வைக்கிறேன்.

குழிவளைவு:
நானும் அந்த வலது பின் விளிம்பை முயற்சி செய்து பார்த்தேன். நான்கு வினாடி. எட்டு வருடமாகக் குதிக்கிறேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

எட்டுச்சக்கரம்:
இப்போதாவது சக்கரம் மாற்றலாமா?

பின்விளிம்பு:
இப்போது மாற்றலாம். ஆனால் முதல் நாள் குதிக்காதீர்கள். கடினச் சக்கரத்தில் விளிம்பு எவ்வளவு தாங்கும், எங்கே வழுக்கும் என்று பாதம் முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

அரைவட்டம்:
95ஏ வாங்கினேன், ஒரு வாரம் வெறும் ஓட்டம். நேற்று இரண்டு கால் 360-ஐத் திரும்ப எடுத்தேன். முதல் இரண்டும் முழுசாக இறங்கின, கத்தரிக் காலில், முன்னோட்டமாக. சத்தம் போட்டுக் கத்தினேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் சந்தோஷத்தில் கையை விரிக்கவே மறந்துவிட்டேன். 360-ஐத் தாண்டிப் போய் வலது பக்கம் விழுந்தேன். இப்போது இரண்டு இடுப்பிலும் நீலம்.

பின்விளிம்பு:
தரை தொடுவதற்கு முன்பே கை விரிய வேண்டும், தொட்ட பிறகு இல்லை. அந்தப் பஞ்சு வைத்த சட்டையை இன்னும் வாங்கவில்லையா?

தேய்ந்த டோ ஸ்டாப்:
'360 அதிகமாகச் சுற்றிவிடுகிறது' என்று தனி இழை திறக்கவும். இதில் முக்கால் சுற்றுக்காரர்களுக்கு மட்டும்தான் இடம்.